ஆஸ்பத்திரிச் சமையல்காரர் ஹென்றி ஹூக்

1879-ல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்டில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் ஸூலு வீரர்களுக்கும் நடந்த சண்டையைச் சொல்கிற, 1964-ல் வெளிவந்த 'ஸூலு' படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அதில் குடிகாரனாகவும் திருடனாகவும் வேலைக்குக் கள்ளனாகவும் வருகிற ஹென்றி ஹூக் என்ற சிப்பாய் நிஜத்தில் இருந்தவரா, அப்படிப்பட்ட ஒருவருக்கு எப்படி பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள், போருக்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்பது உங்கள் கேள்வி.

இருந்தவர்தான். பதக்கம் வாங்கியதும் உண்மை. குடியும் திருட்டும் மட்டும் படம் எடுத்தவர்கள் சேர்த்தது. எனக்கு இந்த மனிதர்மேல் பல வருடங்களாகப் பெரிய மரியாதை உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முழுப்பெயர் ஆல்ஃப்ரெட் ஹென்றி ஹூக். 1850 ஆகஸ்ட் 6-ல் இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயரில், சர்ச்சம் என்ற கிராமப் பகுதியில் பிறந்தார். காடும் வயலும் சூழ்ந்த ஊர். உடலுழைப்பில் பிழைத்த குடும்பம். இளம் வயதில் மான்மத் மிலிஷியாவில் ஐந்து வருடம் இருந்தார். மிலிஷியா என்பது முழுநேரப் படை இல்லை. வருடத்தில் சில வாரம் பயிற்சிக்குப் போய்வர வேண்டும், அதற்குக் கொஞ்சம் கூலி கிடைக்கும். கிராமத்து ஏழை இளைஞர்களுக்கு அது ஒரு கைச்செலவுக்கு வழி. 1870 டிசம்பரில் கம்ஃபர்ட் ஜோன்ஸ் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள் பிறந்தன.

1877 மார்ச்சில், 26 வயதில், முழுநேரச் சிப்பாயாகச் சேர்ந்தார். 24-ஆம் காலாட்படை ரெஜிமெண்ட், இரண்டாவது பட்டாலியன், படை எண் 1373. அன்றைய காலாட்படைச் சிப்பாயின் சம்பளம் நாளுக்கு ஒரு ஷில்லிங், அதிலும் பிடித்தம் போகத்தான் கையில் வரும். படத்தில் ஜெயிலா பட்டாளமா என்று கேட்டதால் பட்டாளத்துக்கு வந்தவனாக ஹூக் காட்டப்படுவார். உண்மையில் அவர்மேல் எந்தக் குற்றமும் கிடையாது. ஏற்கனவே ஐந்து வருடம் துப்பாக்கி பிடித்துப் பழகியிருந்த ஒரு குடும்பஸ்தர், பிழைப்புக்காகப் படையில் சேர்ந்தார். அவ்வளவுதான்.

ரெஜிமெண்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்தால் எல்லோரும் வேல்ஸ்காரர்கள், எல்லோரும் பாடகர்கள் என்று தோன்றும். அப்போது அந்த ரெஜிமெண்டின் பெயர் இரண்டாவது வாரிக்ஷயர். அதன் தலைமையிடம் வேல்ஸில் உள்ள பிரெகனில் இருந்தது, வேல்ஸ்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். ஆனால் இங்கிலாந்துக்காரர்களும் அயர்லாந்துக்காரர்களும் நிறையவே கலந்திருந்தார்கள். 'சௌத் வேல்ஸ் பார்டரர்ஸ்' என்று பெயர் மாறியது 1881-ல்தான்.

1878 தொடக்கத்தில் பட்டாலியன் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குக் கப்பலேறியது. அங்கே கோஸா மக்களுக்கு எதிரான ஒன்பதாவது எல்லைப் போரின் கடைசிக் கட்டத்தில் ஹூக் இருந்தார். அப்புறம் படையை நேட்டாலுக்கு நகர்த்தினார்கள். (அந்த நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் நம்மவர்கள் ஏற்கனவே உழைத்துக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது 1860 நவம்பரில்.)

ஸூலு போர் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் ஹூக்கின் வீரத்தை மட்டும் சொன்னால் அது அரைகுறைக் கதை. நேட்டாலின் எல்லை தாண்டி செட்ஷ்வாயோ மன்னரின் ஸூலு நாடு சுதந்திரமாக இருந்தது. அதை அப்படியே விட்டுவைக்க பிரிட்டிஷ் உயர் ஆணையர் பார்ட்டில் ஃப்ரேருக்கு மனமில்லை. லண்டன் அரசாங்கம் அந்த நேரத்தில் இன்னொரு போரை விரும்பவில்லை. ஃப்ரேரோ 1878 டிசம்பர் 11-ல், படையைக் கலைக்க வேண்டும் என்பது உட்பட எந்த மன்னரும் ஏற்க முடியாத நிபந்தனைகளை வைத்து, முப்பது நாள் கெடு கொடுத்தார். கெடு முடிந்ததும், 1879 ஜனவரி 11-ல், செம்ஸ்ஃபோர்ட் பிரபுவின் படை பஃபலோ ஆற்றைக் கடந்து ஸூலு நாட்டுக்குள் நுழைந்தது. ஸூலு வீரர்கள் தங்கள் மண்ணைக் காக்கத்தான் போருக்கு வந்தார்கள். ஹூக் போன்ற சிப்பாயிடம் இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படை ஆற்றைக் கடந்த துறையின் பெயர்தான் ரோர்க்ஸ் ட்ரிஃப்ட். ட்ரிஃப்ட் என்றால் ஆற்றை இறங்கிக் கடக்கிற துறை. ரோர்க் என்பவர் அங்கே முன்பு வீடு கட்டி வியாபாரம் செய்தவர், முதற்பெயர் ஜிம். ஸூலு மக்கள் அந்த இடத்தை 'ஜிம்மின் இடம்' என்ற பொருளில் க்வாஜிமு என்றார்கள். அவருக்குப் பிறகு ஓட்டோ விட் என்ற ஸ்வீடன் நாட்டுப் பாதிரியாரின் மிஷன் அங்கே வந்தது. படை வந்ததும் வீட்டை ஆஸ்பத்திரியாகவும் தேவாலயத்தைச் சாமான் கிடங்காகவும் மாற்றிக்கொண்டார்கள். காவலுக்கு லெஃப்டினண்ட் ப்ரோம்ஹெட்டின் பி கம்பெனியை விட்டுவிட்டுப் பெரிய படை முன்னே போனது. அந்தக் கம்பெனியில்தான் ஹூக் இருந்தார். அவருக்குக் கொடுத்திருந்த வேலை ஆஸ்பத்திரிச் சமையல்.

ஜனவரி 22. பத்து மைல் தொலைவில் இசண்ட்ல்வானா மலையடிவாரத்து முகாமை சுமார் 20,000 ஸூலு வீரர்கள் வளைத்து அழித்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். ஹூக்கின் ரெஜிமெண்டில் ஐநூறு பேருக்கு மேல் ஒரே நாளில் போனார்கள். தப்பி வந்த குதிரைக்காரர்கள் மதியத்துக்குப் பிறகு ஆற்றைக் கடந்து செய்தி சொன்னபோது, ஹூக் நோயாளிகளுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஓடுவதா நிற்பதா என்று யோசித்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் திறந்த வெளியில் மாட்டிக்கொள்வோம், இங்கேயே நிற்பதுதான் வழி என்று டால்டன் வாதாடினார். அவர் முன்னாள் சார்ஜண்ட், அப்போது உணவுப் பொருள் பிரிவில் அதிகாரி. அவர் சொன்னதே நடந்தது. கிடங்கிலிருந்த மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் வைத்து இரண்டு கட்டடங்களையும் இணைத்து மார்பளவு மதில் எழுப்பினார்கள். மூட்டை ஒவ்வொன்றும் 200 பவுண்டு, பெட்டி 112 பவுண்டு. பொறியியல் பிரிவு லெஃப்டினண்ட் சார்ட் தலைமை ஏற்றார். கூட இருந்த நேட்டால் உள்ளூர்ப் படையும் குதிரைப் படையும் கிளம்பிப் போய்விட, மிஞ்சியவர்கள் சுமார் 140 பேர்.

எதிரே வந்தது மூவாயிரத்திலிருந்து நாலாயிரம் பேர். இசண்ட்ல்வானாவில் சண்டைக்கு வாய்ப்புக் கிடைக்காமல் ஒதுங்கி நின்ற ரெஜிமெண்டுகள் அவை. நேட்டாலுக்குள் போகக் கூடாது என்று மன்னர் சொல்லியிருந்தும், அவருடைய தம்பி டபுலமன்ஸி அவர்களை ஆற்றைக் கடக்க வைத்தார். அவர்களில் பலர் நாற்பதைத் தாண்டிய, குடும்பம் உள்ள மனிதர்கள். காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் ஓடி வந்தவர்கள்.

இனி ஆஸ்பத்திரிக்குள் நடந்ததைச் சொல்கிறேன். ஹூக்கின் வாழ்க்கையில் இந்தச் சில மணி நேரத்துக்குத்தான் பதக்கம். ஆனால் அந்தக் கட்டடத்தின் அமைப்பு தெரியாவிட்டால் அவர் செய்தது என்ன என்பதே புரியாது.

ஜிம் ரோர்க் அந்த வீட்டை விசித்திரமாகக் கட்டியிருந்தார். பல அறைகளுக்கு வெளிப்பக்கம் மட்டுமே கதவு. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக உள்வழி கிடையாது. உள்சுவர்கள் மண்கல். மேலே புல் வேய்ந்த கூரை. அதாவது, வெளிக்கதவை எதிரி பிடித்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பொறியில் அகப்பட்ட மாதிரிதான். நோயாளிகளைக் காக்க உள்ளே நிறுத்தப்பட்டவர்கள் ஆறு சிப்பாய்கள்: ஹூக், கோல், ஜான் வில்லியம்ஸ், ஜோசஃப் வில்லியம்ஸ், வில்லியம் ஜோன்ஸ், ராபர்ட் ஜோன்ஸ். கதவுகளை மூட்டையாலும் பெட்டியாலும் அடைத்து, சுவரில் துப்பாக்கி நீட்ட ஓட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

மாலை நாலரை மணி வாக்கில் தாக்குதல் தொடங்கியது. ஹூக்கும் கோலும் ஒரு மூலை அறையில் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோல் வெளியே போனார், போன உடனே தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். ஹூக் தனியாள் ஆனார். அறையில் ஒரே ஒரு நோயாளி, நேட்டால் உள்ளூர்ப் படையைச் சேர்ந்த ஆப்பிரிக்கர். கால் உடைந்து கட்டுப் போட்டுக் கிடந்தவர். கட்டை அவிழ்த்துவிடு, நான் போகிறேன் என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். கூரையில் தீ வைத்துவிட்டார்கள். புகை மூச்சை அடைத்தது. ஹூக் அவரை விட்டுவிட்டு அடுத்த அறைக்குள் போக வேண்டியதாயிற்று. அந்த மனிதரிடம் ஸூலு வீரர்கள் ஏதோ விசாரித்ததும், பிறகு கொன்றதும் ஹூக்கின் காதில் விழுந்தது. பதக்கச் சான்றிதழில் இதெல்லாம் வராது. தன் புகழுக்குக் குறைவு என்று நினைத்திருந்தால் ஹூக் இதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை, அவரே சொன்னார். அவரை நான் நம்புவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அடுத்த அறையில் படுக்கையோடு படுக்கையாக ஒன்பது நோயாளிகள். அங்கே ஜான் வில்லியம்ஸ் இன்னொரு பக்கத்துச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தன்னோடு நின்ற ஜோசஃப் வில்லியம்ஸைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக் கொன்றுவிட்டார்கள் என்றார். அதிலிருந்து இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் பிக்காசால் அடுத்த அறைக்கான சுவரில் ஓட்டை போடுவது, இன்னொருவர் வாசலைக் காப்பது. வாசலைக் காத்தவர் ஹூக்.

வாசல் ஒடுக்கம் என்பதால் ஒரு நேரத்தில் ஓரிருவர்தான் நுழைய முடியும். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது. ஹூக்கின் கையில் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. தொடர்ந்து சுட்டதில் குழல் கையைப் பொசுக்கியது, தோட்டா உறை உள்ளே சிக்கிக்கொண்டது. சுட முடியாதபோது முனையிலிருந்த இருபது அங்குலத்துக்கு மேல் நீளமான பயனெட் கத்தியால் குத்தித் தள்ளினார். துப்பாக்கியையே பிடித்து இழுக்கப் பார்த்தார்கள். எறிந்த ஈட்டி ஒன்று தலைக்கவசத்தின் முன்பக்கம் பட்டு அதைப் பின்னால் தள்ளியது. உச்சந்தலையில் காயம். அந்த நேரத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

பின்னால் ஓட்டை பெரிதானதும் நோயாளிகளை ஒவ்வொருவராக இழுத்து அடுத்த அறைக்குள் தள்ளினார்கள். கடைசியாக மிஞ்சியவர் கானலி என்ற சிப்பாய். காலில் அடிபட்டு நகர முடியாதவர், கனமான உடம்பு. ஹூக் வாசலை விட்டு ஓட்டைக்குள் பாய்ந்து அவரைப் பிடித்து இழுத்தார். இழுத்த இழுப்பில் கானலியின் கால் மறுபடி உடைந்தது. வேறு வழியில்லை. இவர்கள் அந்தப் பக்கம் போவதற்கும் அறைக்குள் ஸூலு வீரர்கள் புகுவதற்கும் சரியாக இருந்தது. அப்புறம் இன்னொரு சுவர். அதே வேலை மறுபடி. ஒருவர் இடிக்க, ஒருவர் காக்க, தலைக்கு மேலே கூரை எரிந்துகொண்டிருந்தது.

இப்படிக் கடைசி அறைக்கு வந்து, உள்முற்றத்தைப் பார்த்த ஜன்னல் வழியாக நோயாளிகளை இறக்கினார்கள். முற்றத்தைக் கடந்து உள்மதிலுக்குப் போக வேண்டும். ஹிட்ச், ஆலன் என்ற இருவர், காயம்பட்டும், சுட்டுக்கொண்டே அந்த வெளியைக் காத்தார்கள். மறுபக்கத்து அறையில் வில்லியம் ஜோன்ஸும் ராபர்ட் ஜோன்ஸும் இதேபோல் வாசலில் நின்று ஏழு நோயாளிகளில் ஆறு பேரை வெளியேற்றினார்கள். ஏழாமவர் சார்ஜண்ட் மேக்ஸ்ஃபீல்ட், காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தவர், வர மறுத்தார். அவரைப் படுக்கையிலேயே இழந்தார்கள்.

பாதிராத்திரிவரை தாக்குதல் நின்று நின்று வந்தது. எரிந்த ஆஸ்பத்திரியின் வெளிச்சமே உள்ளே இருந்தவர்களுக்கு உதவியானது, வருகிறவர்கள் தெளிவாகத் தெரிந்தார்கள். காயம்பட்டவர்கள் தண்ணீர் தண்ணீர் என்று அரற்றினார்கள். தண்ணீர் வண்டியோ கைவிட்ட ஆஸ்பத்திரிப் பக்கம் நின்றது. மதிலைத் தாண்டிப் போய் அதைக் கொண்டுவந்தவர்களில் ஹூக்கும் ஒருவர். விடிவதற்குள் சண்டை ஓய்ந்தது. இருபதாயிரம் தோட்டாக்களில் மிஞ்சியது சுமார் 900. உள்ளே 17 பேர் இறந்தார்கள், காயத்தோடு கிடந்து பிறகு இறந்த இருவரையும் சேர்த்து. வெளியே ஸூலு வீரர்களின் உடல்கள் 351 என்று கணக்கெடுத்துப் புதைத்தார்கள். காயத்தோடு கிடந்த ஸூலு வீரர்கள் பலரை மறுநாள் கொன்றார்கள். அதற்கு யாரும் பதக்கமும் கொடுக்கவில்லை, தண்டனையும் கொடுக்கவில்லை. ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது.

காலையில் செம்ஸ்ஃபோர்ட்டின் படை வந்து சேர்ந்தது. ஹூக் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மறுபடி தேநீர் போட்டுக்கொண்டிருந்தார், காயம்பட்டவர்களுக்கு. ப்ரோம்ஹெட் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். இருக்கிறபடியே வா என்றார்கள். சட்டையோடு, தோள்வார் தொங்க, அதிகாரிகள் நடுவே போய் நின்றார். ஆஸ்பத்திரிக்குள் நடந்ததை செம்ஸ்ஃபோர்ட் பிரபுவே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ரம் பங்கிட்டபோது நடந்ததாக ஒரு சம்பவமும் சொல்வார்கள். ஹூக் வரிசையில் நிற்பதைப் பார்த்து, நீதான் குடிக்கமாட்டாயே என்று கேட்டார்களாம். இவ்வளவுக்கும் பிறகு ஏதாவது வேண்டும்போல் இருக்கிறது என்றாராம். மதுவைத் தொடாதவர் என்று கூட இருந்தவர்களுக்கே தெரிந்திருந்த மனிதர் இவர். இவரைத்தான் படத்தில் பிராந்தி பாட்டிலைத் தேடி அலைகிறவனாக ஆக்கிவிட்டார்கள்.

ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்டுக்காக 11 விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள், அதில் ஏழு 24-ஆம் ரெஜிமெண்டின் இரண்டாவது பட்டாலியனுக்கு. 1879 மே 2 அரசிதழில் ஹூக்கின் பெயர் வந்தது. ஜோசஃப் வில்லியம்ஸுக்கு இல்லை, ஏனென்றால் இறந்தவர்களுக்கு அப்போது அந்தப் பதக்கம் தரும் வழக்கமில்லை. 1907-ல்தான் அது மாறியது. உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் கிடைத்திருக்கும் என்று படையிலேயே ஒத்துக்கொண்டார்கள். ஸூலு படையிலும் வீரத்துக்கு அடையாளம் இருந்தது, இஸிக்கு என்ற மரமணி மாலை. ஆனால் ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு ஊரில் கிடைத்தது கேலிதான். ஜிம்மின் வீட்டைக் குத்திக் கிளறப் போனீர்களே, அது உங்களை என்ன செய்தது என்று கேட்டார்களாம். அன்று அந்த மதிலை நோக்கி மீண்டும் மீண்டும் ஓடிவந்த அந்த மனிதர்களின் துணிவுக்கும் தலைவணங்கத்தான் வேண்டும்.

ஹூக்குக்குப் பதக்கம் தந்த இடம் விசேஷமானது. 1879 ஆகஸ்ட் 3-ல், ரோர்க்ஸ் ட்ரிஃப்ட்டிலேயே, ஜெனரல் சர் கார்னெட் வுல்ஸ்லி அணிவித்தார். சண்டை நடந்த இடத்திலேயே பதக்கம் பெற்றவர் பதினோரு பேரில் ஹூக் ஒருவர்தான். அதே வுல்ஸ்லி தன் நாட்குறிப்பில், கட்டடத்துக்குள் அடைபட்டு ஓட வழியில்லாமல் எலிகளைப்போல் சண்டையிட்டவர்களை வீரர்களாக்குவது அபத்தம் என்று எழுதினார். இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வரும். ஜெனரலுக்கு அந்தக் கட்டடத்தின் அமைப்பு புரியவில்லை. ஹூக் தன் ஒருவர் உயிரை மட்டும் காக்க நினைத்திருந்தால் சுவரில் முதல் ஓட்டை விழுந்ததுமே அதில் நுழைந்து போயிருக்கலாம். நடக்க முடியாதவர்கள் எல்லோரும் போகும்வரை வாசலில் நின்றதற்குத்தான் அந்தப் பதக்கம்.

1880 ஜூனில் பணம் கட்டிப் படையிலிருந்து விலகினார். அன்று அப்படி ஒரு வழி இருந்தது. ப்ரோம்ஹெட் படையிலேயே இருந்து, 1891-ல் நம் அலகாபாத் பக்கம் டைபாய்டில் இறந்தார். ஹூக்கின் குடும்பம் சிதறிப் போயிருந்தது. கம்ஃபர்ட்டோடு மறுபடி சேர்ந்து வாழவில்லை, பல வருடம் கழித்து 1897-ல்தான் அது சட்டப்படி முறிந்தது.

ஹூக் லண்டனுக்குப் போனார். 1881 கடைசியில் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை கிடைத்தது. என்ன வேலை? தூசி தட்டுவது. புத்தகங்களையும் அலமாரிகளையும் துடைத்து வைக்கிற ஆள். பிறகு வாசகசாலைக்கு வருகிறவர்களின் குடைகளையும் கோட்டுகளையும் வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர், இருபது வருடத்துக்கு மேல், அறிஞர்களின் ஈரக் குடையை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். இதைச் சோகம் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாதாரணச் சிப்பாய்க்கு அந்தப் பதக்கத்தோடு கிடைத்தது வருடத்துக்குப் பத்து பவுண்டு. நிரந்தர வேலை, கூரையுள்ள இடம், மாதாமாதம் சம்பளம் என்பது அன்றைய முன்னாள் சிப்பாய்க்குச் சின்ன விஷயமில்லை. கூடவே தொண்டர் படையான ராயல் ஃப்யூஸிலியர்ஸின் முதலாவது வாலண்டியர் பட்டாலியனில் சேர்ந்து, சார்ஜண்டாகி, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

கூட நின்றவர்களின் கதியைப் பார்த்தால் ஹூக் பெற்றது எவ்வளவு என்று தெரியும். ஸ்கீஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் வேலையில்லாமல் அலைந்து, 1884-ல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் 28 வயதில் இறந்தார். ராபர்ட் ஜோன்ஸ் 1898-ல் தோட்டத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார், கெட்ட கனவுகள் அவரைக் கடைசிவரை விடவில்லை. வில்லியம் ஜோன்ஸ் வறுமையில் பதக்கத்தையே அடகு வைத்தார். ஹிட்ச் லண்டனில் வண்டி ஓட்டினார். பதக்கம் சோறு போடாது என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1897-ல் ஹூக் ஏடா டெய்லரை மணந்துகொண்டார், இரண்டு மகள்கள் பிறந்தார்கள். நாற்பத்தேழு வயதை நெருங்கும்போது அமைந்த குடும்பம். ஆனால் நுரையீரலில் காசநோய் பிடித்தது. 1904 முடிவில் மியூசியம் வேலையை விட்டுவிட்டுக் க்ளாஸ்டருக்குத் திரும்பினார். ஓய்வு என்று அனுபவித்தது இரண்டரை மாதம்கூட இல்லை. 1905 மார்ச் 12-ல் இறந்தார். வயது 54. பிறந்த ஊரான சர்ச்சமில், புனித ஆண்ட்ரூ தேவாலயத்துக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். பெருங்கூட்டம் வந்தது.

சரி, படத்தில் ஏன் அப்படிக் காட்டினார்கள்? கெட்டவன் ஒருவன் நெருக்கடியில் வீரனாக மாறினால் திரையில் எடுபடும். அதற்கு ஒரு சிப்பாய் தேவைப்பட்டார், ஹூக்கை எடுத்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் பூத் நன்றாகவே நடித்திருப்பார். அந்தப் படத்தில் செட்ஷ்வாயோவாக வருபவர் மங்கோசுது புதெலெஸி, மன்னரின் சொந்த வம்சத்தவர். அவ்வளவு அக்கறை எடுத்தவர்கள் ஹூக் விஷயத்தில் ஒரு கற்பனைப் பெயரை வைத்திருக்கலாம். திருந்துவதற்கு அந்த மனிதரிடம் எதுவும் இருக்கவில்லை. சண்டைக்கு முன் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார், சண்டையில் அவர்களை இழுத்துக் காப்பாற்றினார், சண்டை முடிந்த காலையில் திரும்பவும் அவர்களுக்குத் தேநீர் போட்டார்.

படம் வெளிவந்தபோது ஹூக்கின் மகள்கள் அறுபது வயதை ஒட்டிய பெண்கள். அப்பா இறந்தபோது இருவருக்கும் எட்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. திரையில் அவரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். பாதியிலேயே எழுந்து வெளியே போனார்கள் என்று சொல்கிறார்கள்.